மடியில் ஒளிந்திருக்கும் பகை

பால் விலையை உயர்த்த வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்பதும், உயர்த்தினால் வாங்குவோர் தலையில் விழுமே என்று அரசாங்கம் தயங்குவதும் நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை என்ற பெயரில் மேலும் 3 ரூபாய் கிடைத்தது. பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப் பாலுக்கு 47 ரூபாய் என்று அப்போது கணக்கு வந்தது. இந்த மூன்று ரூபாய்க்கு எத்தனை மனுக்கள், எத்தனை ஊர்வலங்கள்! பாலை ரோட்டில் கொட்டிய போராட்டங்களும் நடந்தன.

ஆனால் அதே உற்பத்தியாளரின் தொழுவத்தில், யாரிடமும் மனுக் கொடுக்க முடியாத ஒரு நஷ்டம் தினந்தோறும் நடந்து வருகிறது. பத்து லிட்டர் கறக்க வேண்டிய மாடு எட்டு லிட்டர்தான் கறக்கிறது. மாடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது, மடியில் வீக்கம் இல்லை, பால் வெள்ளையாகவே இருக்கிறது. தீவனம் சரியில்லை என்றோ, வெயில் அதிகம் என்றோ, யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்றோ வீட்டார் சமாதானம் சொல்லிக் கொள்கிறார்கள். தினம் 2 லிட்டர் வீதம் 200 நாளைக்கு, 38 ரூபாய் விலையில் கணக்குப் பாருங்கள்: 15,200 ரூபாய். மூன்று ரூபாய் ஊக்கத்தொகையில் அந்த மாட்டுக்கு அதே 200 நாளில் கிடைப்பது 4,800 ரூபாய்தான்.

இந்தக் களவைச் செய்வது மடி நோய். அதிலும் கண்ணுக்குத் தெரியாத மடி நோய்.

பழனிக்குப் பக்கத்தில்

பழனியை அடுத்து, மலை அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம் பேரூராட்சி. பாலாறு - பொருந்தலாறு அணை அருகில் இருப்பதால் நெல்லும் தென்னையும் செழித்த பூமி. ஊர்ப் பெயரைக் கேட்டதும் பாற்கடல் ஞாபகம் வரும். பெயரில் இருப்பது 'பால்' அல்ல, 'பால' என்று இலக்கணம் படித்தவர்கள் உடனே திருத்துவார்கள். இருக்கட்டும். பால் குடமும் பால் காவடியும் மலையேறும் பழனி பக்கத்திலேயே இருக்கிறது. பாலின் அருமையை அந்த வட்டாரத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் முன்பெல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் காங்கேயம் மாடு நின்றது. அது உழைப்புக்குப் பிறந்த இனம், பால் கொஞ்சம்தான். இன்று ஏரை டிராக்டர் இழுக்கிறது. தொழுவத்தில் நிற்பது ஜெர்ஸி கலப்பு மாடு. 2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 95 லட்சம் மாடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி கலப்பினம். குழந்தையின் பள்ளிக்கூடச் செலவு, மளிகைக் கடன், மகளிர் குழுத் தவணை எல்லாம் இந்த மாட்டின் மடியிலிருந்துதான் வர வேண்டும். பால் பெருகினால் மடியின் வேலையும் பெருகும். மடி நோய்க்கு வாய்ப்பும் பெருகும். காங்கேயத்துக்கே திரும்பிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இனத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் பால் விற்றுப் பிழைக்கும் இரண்டு மாட்டுக் குடும்பத்துக்கு அது பதில் ஆகாது.

தண்ணீர் கலந்தது யார்?

மடி நோயில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று வெளிப்படையானது. மடி வீங்கும், சுடும், தொட்டால் மாடு உதைக்கும். பால் திரிந்து, கட்டி கட்டியாய், சில சமயம் ரத்தம் கலந்து வரும். இதைக் கண்டதும் வீட்டார் பதறி டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். மற்றது மறைவானது. மடியின் நான்கு பாகங்களில் ஒன்றிலோ இரண்டிலோ கிருமி குடியேறிவிடும். அதை எதிர்க்க உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். உள்ளே யுத்தம் நடந்து கொண்டிருக்கும். வெளியே ஒரு சத்தமும் இராது.

மறைந்த நோயால் பாலின் அளவு மட்டுமா குறைகிறது? பாலில் உள்ள சர்க்கரைச் சத்தும் தயிர்ச் சத்தான கேசீனும் குறைகின்றன, உப்பு கூடுகிறது. கொழுப்பல்லாத திடப்பொருள் இறங்கிவிடுகிறது. காலையில் சங்கத்தில் பால் ஊற்றும்போது லாக்டோமீட்டர் ஆழமாக அமிழ்கிறது. "டிகிரி குறைவு" என்கிறார் பால் அளப்பவர். அவர் வாயால் சொல்லாவிட்டாலும் வரிசையில் நிற்பவர்களுக்கு அர்த்தம் புரிகிறது: தண்ணீர் கலந்திருக்கிறார்கள்! கலக்காத தண்ணீருக்குக் கையைக் கட்டிக் கொண்டு நிற்கும் பெண்மணிக்குப் பணமும் போகிறது, மானமும் போகிறது. மாட்டின் மடியைப் பார்த்தாயா அம்மா என்று கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. கொழுப்பையும் திடப்பொருளையும் அளந்து விலை போடுவதுதான் அங்கே நடைமுறை. திடப்பொருள் ஏன் குறைந்தது என்பதைச் சொல்லும் கருவி அந்த மேஜையில் கிடையாது. தண்ணீர் கலப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களால் மற்றவர்கள் மேலும் பழி விழுகிறது.

மடி நோயால் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 53 கோடி ரூபாய் போல நஷ்டம் என்று 1962-ல் நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். 2009-ல் வெளிவந்த இன்னொரு மதிப்பீடு அதை 7,165 கோடி ரூபாய் என்றது. அதில் 4,151 கோடி, அதாவது பாதிக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத நோயால் போனது.

திராட்சைக் குலைக் கிருமி

மடி நோயை உண்டாக்கும் கிருமிகள் பல. சேற்றிலும் சாணத்திலும் இருந்து வருபவை ஒரு கூட்டம். மழைக்காலத்தில் தொழுவம் நசநசவென்று கிடந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆனால் மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றி, வருஷக் கணக்கில் மடியை விட்டு அகலாமல் இருக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ்.

ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், புண்ணிலிருந்து எடுத்த சீழை 1880-ல் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையான கிருமிகள், வெள்ளோடு தோட்டத்துத் திராட்சைக் குலை போலக் கொத்தாகத் தெரிந்தன. கிரேக்க மொழியில் 'ஸ்டெபில்' என்றால் திராட்சைக் குலை. அதை வைத்து 1882-ல் பெயர் சூட்டினார். ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் 1884-ல், பொன்னிறமாக வளரும் வகைக்கு 'ஆரியஸ்' என்ற பெயரைச் சேர்த்தார். பெயரில் பொன் இருக்கிறது, குணத்தில் இல்லை.

மனிதரில் சுமார் மூன்றில் ஒருவருடைய மூக்கில் இந்தக் கிருமி சும்மா குடியிருக்கிறது. கையில் வெட்டுக்காயமோ சீழ்க் கட்டியோ இருந்தால் அங்கேயும் இருக்கும். ஆடுகளையும் இது விடுவதில்லை. குட்டி போட்ட வெள்ளாட்டுக்கு ஒரே நாளில் மடி நீலம் பாரித்து, சில்லிட்டு, அழுகி விழுவதுண்டு. ஆட்டைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடு. கோழிக்குக் கால் பாதம் வீங்கி நொண்டும் நோயையும் இது தருகிறது. உலகெங்கும் பண்ணைக் கோழிகளில் பரவிய ஒரு வகை, மனிதனிடமிருந்து கோழிக்குத் தாவியது என்று 2009-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். பிராணிகளால் நமக்கு நோய் வருகிறது என்றே நாம் பேசிக் கொண்டிருக்கிறோம். நம்மாலும் பிராணிகளுக்குப் போகிறது!

மாட்டு விஷயத்தில் கிருமி ஏறி வரும் வாகனம் பெரும்பாலும் கறப்பவரின் கைதான். கிராமங்களில் பல வீட்டு மாடுகளை ஒரே ஆள் கறந்து கொடுப்பது வழக்கம். விடியற்காலை சைக்கிளில் வருவார். ஒரு வீட்டில் கறந்து முடித்து, ஈரக் கையோடு அடுத்த வீட்டுக்குப் போவார். நோயுள்ள மாட்டின் பால் ஒரு துளி விரலில் ஒட்டியிருந்தால் போதும். அந்தத் தெரு முழுவதற்கும் விநியோகம் நடந்துவிடும். எல்லா மாட்டு மடியையும் துடைக்கும் ஒரே பழந்துணி இன்னொரு வாகனம். அவசரத்தில் கட்டைவிரலை மடக்கிக் கறப்பதால் காம்பின் உட்புறம் புண்ணாகிறது. கிருமிக்கு அது திறந்த வாசல். அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, ஏழு மணிக்குள் பத்து வீடு முடிக்கச் சொன்னால் அவர் வேறு எப்படிக் கறப்பார்?

ஊசிக்கு அடங்காதது ஏன்?

"ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க சார், சரியாப் போகும்" என்பது கால்நடை டாக்டர் தினமும் கேட்கும் பேச்சு. வேறு பல கிருமிகள் ஊசிக்கும், காம்பு வழியே ஏற்றும் டியூப் மருந்துக்கும் அடங்குகின்றன. ஸ்டெபிலோகாக்கஸ் அப்படி அல்ல. மடியின் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க் கட்டிகளை உண்டாக்கி, சுவர் எழுப்பிக் கொண்டு உட்காரும். சில சமயம் மாட்டின் அணுக்களுக்கு உள்ளேயே புகுந்து கொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. வீக்கம் வடியும், பால் தெளியும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. ஈத்து அதிகமான கிழட்டு மாட்டில் இதைக் குணப்படுத்துவது மிகவும் கடினம்.

இந்தக் கிருமிக்கும் மருந்துக்கும் உள்ள போட்டி பழைய கதை. 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டதே, ஸ்டெபிலோகாக்கஸ் வளர்த்த தட்டில் பூஞ்சணம் விழுந்ததால்தான். பென்சிலின் புழக்கத்துக்கு வந்த சில வருஷங்களுக்குள், அதை அழிக்கும் ரசத்தைச் சுரக்கும் கிருமிகள் பெருகிவிட்டன. அவற்றை மடக்க மெதிசிலின் வந்தது. அதையும் எதிர்த்து நிற்கும் வகை 1961-ல் இங்கிலாந்தில் தென்பட்டது. 1972-ல் பெல்ஜியத்தில் மடி நோய் கண்ட பசுக்களின் பாலிலேயே அந்த வகை அகப்பட்டது. 2004 முதல் ஹாலந்தில் பன்றி வளர்ப்போரிடம் இன்னொரு வகை காணப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடக்கும் மனிதரைக் கொல்லும் கிருமியும் தொழுவத்துக் கிருமியும் ஒரே வம்சம். டாக்டர் இல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, பாதி போட்டு நிறுத்திய ஒவ்வொரு ஊசியும் அந்த வம்சத்துக்குப் பயிற்சி கொடுக்கிறது.

குடிப்பவருக்கு என்ன?

நாங்கள் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் காய்ச்சுவதற்கு முன் பால் வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தால், கிருமி பெருகி ஒருவித நஞ்சை உமிழ்ந்துவிடும். அந்த நஞ்சு கொதிக்கும் சூட்டுக்கும் முழுவதும் அழியாது. பிலிப்பைன்ஸ் தீவில் ஒரு பண்ணைக்குப் போனவர்களுக்கு அடிக்கடி வாந்தி பேதி கண்டது. பார்பர் என்ற ஆராய்ச்சியாளர் காரணத்தைத் தேடினார். உடனே குடித்த பால் ஒன்றும் செய்யவில்லை. வெளியில் வைத்திருந்து உண்ட பாலேடுதான் படுத்தியது. தாமே அதைச் சாப்பிட்டு, தாமே அவதிப்பட்டு, 1914-ல் உண்மையை எழுதினார். அந்தப் பசுவின் மடியில் கிருமி இருந்தது. பார்வைக்கோ அது ஆரோக்கியமான பசு!

ஜப்பான் போன்ற தேசத்திலேயே 2000-ம் வருஷம் இது நடந்தது. ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் கம்பெனியின் தொழிற்சாலையில் சில மணி நேரம் மின்சாரம் நின்றது. குளிர்ச்சி இல்லாமல் கிடந்த பாலில் நஞ்சு ஊறியது. அதிலிருந்து செய்த பால் பவுடர் ஒஸாகா ஆலைக்குப் போய், 13,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கிராமத்திலிருந்து பால் எவ்வளவு சீக்கிரம் குளிரூட்டும் நிலையம் போய்ச் சேருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

இன்னொரு அபாயம் மருந்து. டியூப் ஏற்றிய மாட்டின் பாலை, மருந்துச் சீட்டில் கண்ட நாட்கள் வரை கீழே கொட்ட வேண்டும். கொட்டுகிற பாலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. எனவே சிலர் கேனில் ஊற்றிவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தின் மிச்சம் வரம்புக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். பீதி அடைய வேண்டிய கணக்கு அல்ல. அலட்சியம் செய்யத் தக்கதும் அல்ல. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. உங்கள் வீட்டில் தயிர் தோயாததற்கு வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். பால்காரருடன் சண்டைக்குப் போய்விடாதீர்கள்!

சலவைப் பவுடர் சோதனை

மறைந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையா? இல்லை. 1957-ல் கலிபோர்னியாவில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் ஒரு சோதனையை வகுத்தார்கள். நான்கு குழிகள் உள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீச்சி, சோப்புத் தன்மையுள்ள ஒரு கரைசலைச் சம அளவு ஊற்றிச் சுழற்ற வேண்டும். பாலில் வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் கஞ்சி போலக் கொழகொழவென்று ஆகிவிடும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதை இன்னும் எளிமையாக்கினார்கள். துணி துவைக்கும் பவுடரை நூற்றுக்கு மூன்று பங்கு தண்ணீரில் கரைத்தாலே போதும் என்று காட்டினார்கள். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிப் பவுடரும் ஒரு தட்டும் இருந்தால், டிகிரி குறைவு என்ற பழியிலிருந்து ஒரு பெண்மணி தப்பலாம். எந்தக் காம்பு குற்றவாளி என்றும் தெரிந்துவிடும்.

மாடு வாங்கும்போதும் இது உதவும். சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். வாங்குபவர் மடியைத் தடவிப் பார்க்கிறார், பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார். மறைந்த நோய் எதிலும் தெரியாது. ஒருவர் வீட்டில் குணமாகாத மாடு சந்தை வழியாக இன்னொருவர் தொழுவத்துக்கு நோயைக் கொண்டு போகிறது.

நோயைத் தடுப்பதற்கு இங்கிலாந்தில் 1960-களில் ரெடிங் அருகே ஷின்பீல்டு பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு திட்டம் வகுத்தார்கள். கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் கிருமிநாசினியில் முக்கி எடுப்பது. பால் வற்றும் சமயத்தில் மருந்து ஏற்றுவது. குணமாகாத மாட்டைக் கழிப்பது. இப்படி ஐந்து அம்சங்கள். புதிய ஊசி எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டு மந்தைகளில் தொற்றும் மடி நோய் வெகுவாகக் குறைந்தது. குறைந்ததற்கு இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். பாலில் உள்ள அணுக்களை எண்ணி, அதற்கேற்ப விலை போட ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவில் ஒரு மில்லிலிட்டரில் 4 லட்சம் அணுவுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மடியின் சுத்தத்துக்கு விலை வைத்ததும் குடியானவர் தாமே கவனித்தார்.

நம் இரண்டு மாட்டுக் குடும்பத்துக்கு இதில் எது பொருந்தும்? கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, மாட்டுக்கு ஒரு துணி வைப்பது, நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறப்பது, அயோடின் கரைசலில் காம்பை முக்குவது ஆகியவை எல்லாருக்கும் கட்டுப்படியாகும். கறந்த பின் காம்பின் துவாரம் மூட அரைமணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கத் தீவனத்தைக் கறந்த பிறகு வைத்தால் போதும். இதற்குக் காசே வேண்டாம். கறவை ஆள் பல வீடு போகிறவரானால், ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வாசலில் வைப்பது அந்தந்த வீட்டார் பொறுப்பு.

மூலிகை வைத்தியத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவி, ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை ஐந்து நாளைக்குப் பூசும் முறை அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து இதைப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் ஏற்றுப் பல மாநிலங்களில் சிபாரிசு செய்கிறது. நாட்டு வைத்தியம் என்று கேலி செய்பவர்களும் உண்டு, சர்வரோக நிவாரணி என்று முழங்குபவர்களும் உண்டு. ஆரம்ப நிலையில் பூசினால் ஊசியின் தேவை குறைகிறது என்றால் அதுவே பெரிய உபகாரம். ஆனால் மடி கல்லாகி, மாடு காய்ச்சலில் கிடக்கும்போது மஞ்சளை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. அப்போது 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். முதல் நஷ்டக் கணக்கு வெளிவந்த வருஷமும் அதுவே என்பது தற்செயல்தான்!

சங்கம் என்ன செய்யலாம்?

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019-ல் தடை செய்தது. கால்நடைகளுக்கு எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று ஒரு வழிகாட்டி 2024-ல் வெளிவந்தது. மூலிகை முறைக்கும் அதில் இடம் கிடைத்தது. திண்டுக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது. பாலசமுத்திரத்துக்கு எட்டும் தூரத்தில் உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எல்லாம் இருக்கிறது. ஆனால் குடியானவர் நாள்தோறும் இரண்டு வேளை போய் நிற்கும் ஒரே இடம் பால் சங்கம். அந்த மேஜையில்தான் ஒன்றும் மாறவில்லை.

மாதம் ஒரு முறை உறுப்பினர் ஒவ்வொருவரின் மாட்டுப் பாலையும் தட்டில் சுழற்றிப் பார்க்கும் வேலைக்கு ஒரு உள்ளூர்ப் பெண்ணைப் பழக்கலாம். டிகிரி திடீரென்று இறங்கினால், விலையைக் குறைப்பதற்கு முன் மடியைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் கொண்டு வராமல் நேர்மையாகச் சொல்பவருக்கு, அந்த நாட்களுக்குப் பாதி விலையாவது ஒன்றியம் கொடுக்கலாம். 77 மாதிரிகளில் கண்ட மருந்து கேனுக்குள் போகாமல் நிறுத்த அதைவிட மலிவான வழி இல்லை. சுத்தமான மடிக்கு லிட்டருக்கு அரை ரூபாய் கூடுதல் என்று அறிவித்துப் பார்க்கட்டும். அடுத்த முறை ஊக்கத்தொகையை உயர்த்தும்போது, அதில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கினால் புதிய நிதிகூடத் தேட வேண்டாம். பரீட்சையாக ஒரு வருஷம், பழனி வட்டாரத்தில் நாலு சங்கங்களில் தொடங்கலாம். பாலசமுத்திரம் பக்கத்திலேயே தொடங்கலாம்.